துரும்பு கிள்ளிய துரை

டக்கட்டு துரையின் இடது கைக் கட்டைவிரலில் மாங்கொழுந்து துளிர்த்த சேதி தும்பலோடைக்குத் தெரிந்த அன்று, அது எப்படி நடந்தது என்று ஊர் கேட்கவில்லை, யார் வைத்த வினை என்று கேட்கவில்லை, சாமி குற்றமா என்றுகூடக் கேட்கவில்லை. இது என்ன முறை ஆகும் என்று மட்டும்தான் கேட்டது. முறை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது அந்த ஊரின் எண்ணம், அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

துரையின் முழுப்பெயர் ஜெரோம் டக்கட். லண்டன் பட்டணத்தின் வடக்கு ஓரத்தில் அவருடைய அப்பா ஒரு நாற்றுத் தோட்டம் வைத்திருந்தார். பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பிள்ளைக்குப் பதியன் போட வந்துவிட்டது என்று அம்மாக்காரி சொல்வாளாம். எந்தப் பேரிக் கிளையை எந்த மரத்தில் ஒட்டினால் பிடிக்கும், ஒரு பூவின் தூளைக் கோழி இறகால் எடுத்து வேறொரு பூவில் தடவினால் என்ன பிறக்கும் என்று அதே நினைப்பாக வளர்ந்தார். பூவுக்குப் பூ முடிச்சுப் போட நீ யார் என்று அந்த ஊர்ப் பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவரைக் குறிவைத்தே பிரசங்கம் செய்தார், துரை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இறகும் கையுமாகத் தோட்டத்தில்தான் இருந்தார். முப்பத்தொரு வயதில், செடிப் பைத்தியம் பிடித்த மூன்று சீமான்கள் அனுப்பிவைக்க, தோட்டத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, கம்பெனிக் கப்பலேறிச் சென்னைப்பட்டணம் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு முன்ஷியிடம் இரண்டு வருஷம் தமிழ் படித்தார், அதனால் கடைசிவரைக்கும் ஏட்டைப் பார்த்து வாசிக்கிறவர் மாதிரியேதான் பேசினார். பிறகு செடி தேடி மேற்கே நடந்து நடந்து, சேர்வராயன் மலையடிவாரத்தில் தும்பலோடைக்கு வந்தபோது, அங்கே ஒரு மாமரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அந்த மரம் நல்லாயியின் பிறந்த வீட்டுச் சொத்து. ஊர் அதைப் பெரியவள் என்றுதான் சொல்லும். மழை மூன்று வருஷம் அடுத்தடுத்துப் பொய்த்துப்போன ஒரு காலத்தில், புல்லும் கருகி, ஆடும் மாடும் செத்து, கிணற்றடியில் மண் வெடித்துக் கிடந்தபோது, பெரியவள் மட்டும் காய்த்தாளாம். நாற்பத்தொரு பேர் அவள் நிழலிலேயே கிடந்து அவள் பழத்தையே தின்று உயிர் பிழைத்தார்களாம். தும்பலோடையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த நாற்பத்தொரு பேரின் வழி வந்தவர்கள்தான். பழம் தேனாக இனிக்கும், ஆனால் விழுங்கும்போது தொண்டையில் மிளகு பட்ட மாதிரி ஒரு சுருக்கு இருக்கும். அந்தச் சுருக்கு வேறெந்த மாம்பழத்திலும் கிடையாது. அவள் கொட்டையைப் போட்டு முளைக்கவைத்த மரங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க நின்றன, ஒன்றில்கூட அந்த ருசி வரவில்லை.

துரை வந்து பார்த்தபோது பெரியவளுக்கு வண்டு விழுந்திருந்தது. அடிமரம் பாதி வெறும் பொந்து. நான்கு கிளையில் மூன்று மொட்டை. இன்னும் நான்கைந்து வருஷம் நிற்பாள், அதற்கு மேல் நிற்கமாட்டாள் என்று துரை மரத்தைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். கொட்டையில் அவள் திரும்ப மாட்டாள், கிளையில்தான் திரும்புவாள். அவள் கிளையை இன்னொரு கன்றில் ஒட்டிப் பிடிக்கவைத்தால்தான் இந்தப் பழம் உலகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இவளோடு முடிந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் அங்கேயே குடிசை போட்டு, நாற்றங்கால் கட்டி, ஏழெட்டுப் பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்களுக்குத் தலைவி நல்லாயி. நாற்பது வயது, உப்பு வண்டி ஓட்டுகிற மாரப்பனின் மனைவி, அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிரே இருக்கிறவருக்குப் பதில் மிச்சம் இருக்காது.

இரண்டு வருஷத்தில் பதின்மூன்று தடவை ஒட்டினார்கள். துரை கத்தியால் சாய்வாகச் சீவி, கிளைக்குச்சியைக் கன்றில் பொருத்துவார். நல்லாயி வாழைநாரால் சுற்றி, களிமண்ணும் சாணியும் பிசைந்து பூசுவாள். பதின்மூன்றும் கருகின. ஒவ்வொன்று கருகும்போதும் துரை நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டு மறுநாள் காலையில் அடுத்த குச்சியை வெட்டப் போவார். இந்த மனுஷனுக்குச் சலிப்பு என்கிற ஒன்றைக் கடவுள் வைக்க மறந்துவிட்டான் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

பதினான்காவது தடவை, மாசி மாதத்தில் ஒரு முற்பகல், கத்தி வழுக்கி இடது கட்டைவிரலைப் பிளந்தது. துரை விரலைப் பார்க்கவில்லை, குச்சி காய்ந்துவிடக் கூடாதே என்று கட்டு கட்டு என்றார். நல்லாயி ரத்தத்தையும் சாணியையும் ஒன்றாகப் பிசைந்து அவசரத்தில் கட்டினாள். அப்போது குச்சியில் ஒரு துண்டு விரல் கட்டுக்குள்ளேயே போய்விட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தபோது கன்றில் இருந்த குச்சி கருகிக் கிடந்தது, விரலில் இருந்த குச்சி செம்பு நிறத்தில் இரண்டு தளிர் விட்டிருந்தது.

"துரைங்களே, புடிச்சுக்கிச்சுங்க" என்றாள் நல்லாயி.

துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார், வலித்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பதினான்காவது முயற்சி, பிடித்தது, வேர்ச்செடி நான், என்று எழுதினார். பிறகு கேட்டார்: "பதின்மூன்று கன்றுகளில் பிடிக்காதது என் விரலில் மட்டும் பிடிக்கக் காரணம் யாது?"

"அந்தக் கன்னெல்லாம் இவ கொட்டையில மொளச்சதுங்க. பெத்தவளக் கொண்டாந்து பெத்த புள்ளைக்கே கட்டி வெச்சா, அவ எப்படிங்க குடும்பம் பண்ணுவா?"

"இதை இரண்டு ஆண்டுகளாக நீ ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலீங்களே. உங்க சீமையில அப்படித்தான் வழக்கமோ என்னமோன்னு நாங்களும் பேசாம இருந்துட்டோம்."

துரை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பதின்மூன்று தேதிகளுக்குப் பக்கத்திலும் என் தவறு, என் தவறு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஊர் மறுநாளே கூடியது. நாட்டாமை செங்கோடன் எதையும் மூன்று தரம் கேட்டுத்தான் முடிவு சொல்லுவார், வயசு எழுபது, அவசரம் என்பதையே அறியாதவர். நல்லாயி வீட்டு மரத்தின் கிளை துரை உடம்பில் ரத்தம் குடித்து வளர்கிறது, ஆகவே துரை அந்த வீட்டுக்குப் பங்காளி என்று ஒரு கட்சி பேசியது. அப்படியானால் அந்த வீட்டில் சாவு விழுந்தால் துரைக்கும் பதினாறு நாள் தீட்டு, மொட்டை போட வேண்டும், கொள்ளிக்குக் கூட நிற்க வேண்டும் என்று அவர்கள் பட்டியல் சொன்னார்கள். சொந்தத்தில் பிடிக்காமல் அந்நியனிடம் போய்ப் பிடித்ததே, அதற்குப் பெயர் பங்காளித்தனமா, கல்யாணமா என்று மற்றக் கட்சி கேட்டது. இதற்குப் பதில் இல்லாததால் துரை மாப்பிள்ளை என்று முடிவாயிற்று. ஆனால் பெண்ணுக்கு வயது என்ன என்பதில் வெயில் ஏறும்வரை சண்டை நடந்தது. இருநூறு வயசுக்காரிக்கு முப்பத்தெட்டு வயசு மாப்பிள்ளையா என்று சிலர், எட்டு நாள் சிசுவுக்கு இந்தக் கிழவனா என்று சிலர். செங்கோடன் மூன்று தரம் கேட்டுவிட்டு, ரெண்டையும் கூட்டிப் பாதி போடுங்கப்பா, அவருக்குக் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான், என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குப் பிறகு துரைக்கு வாய்த்த மரியாதை அவருடைய வேலைக்கு எமனாகிவிட்டது. பெண் எடுத்த ஊரில் மாப்பிள்ளை மண்ணைத் தொடலாமா என்று அவர் கையில் இருந்த களைக்கொத்தைப் பிடுங்கினார்கள். தெருவில் அவர் வந்தால் நல்லாயியின் அண்ணன்மார் மேல்துண்டை இறக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். சித்திரையில் வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள், அதைக் கால்சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு அவர் நடந்தது பார்க்கப் பாவமாக இருந்தது. ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்ப் புருஷனிடமிருந்து பிரித்துவைக்கிற வழக்கப்படி அழைக்க வந்தவர்கள், பெண் விரலிலேயே இருப்பதைப் பார்த்து வெகுநேரம் யோசித்து, கடைசியில் விரலுக்குக் கீழே ஒரு மஞ்சள் துணியைத் திரைபோலக் கட்டிவிட்டு, மாதம் முழுக்க இதைத் தாண்டிப் பார்க்காதீங்க மாப்பிள்ளைங்க என்று சொல்லிப் போனார்கள். துரை துணிக்கு மேலாக எட்டிப் பார்த்து இலையை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

கிளை ஒரு முழம் நீண்டது. அவர் குடித்தது அதற்குப் போயிற்று, அவர் தின்றது அதற்குப் போயிற்று. மோர் குடித்தால் இலை மினுங்கியது, சாராயம் குடித்தால் ஓரம் கருகியது, ஆகவே ஊரில் யாரும் அவருக்குச் சாராயம் ஊற்றுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. அவர் கோபப்பட்டால் தளிர் தொங்கியது, அதனால் அவரோடு யாரும் வாக்குவாதம் செய்வதில்லை, வேலைக்கு வராதவளை ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால்கூட ஆமாங்க தப்புங்க என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். வெள்ளாடுகள் பின்னாலேயே வந்தன. ஆட்டுக்காரர்கள் முறைவைத்து அவருக்கு முன்னும் பின்னும் நடந்தார்கள். கட்டெறும்பு முழங்கைவரை ஏறியது. முடிவெட்டுகிறவர் கிளைக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுவார். இரண்டே வாரத்தில் இதெல்லாம் பழகிவிட்டது, துரை கையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துரை கிளையைப் படம் வரைந்து சீமைக்கு அனுப்பியிருந்தார். மறு வருஷம் அதற்குப் பதில் வந்தது. இலை நரம்பு மிக நேர்த்தி, ஆனால் படத்துக்குள் தேவையில்லாமல் ஒரு கை வந்துவிட்டது, இனிமேல் கவனமாக வரையவும், என்று ஒரு சீமான் எழுதியிருந்தார்.

மற்றவர்களுக்கு இது போதுமாக இருந்தது. பெரியவள் செத்தாலும் விரலில் ஒருத்தி இருக்கிறாளே, அங்கேயே பூத்துக் காய்க்கட்டுமே என்றார்கள். துரைக்கு மட்டும்தான் போதவில்லை. அவர் நாட்டாமை வீட்டுக்குப் போய், "ஐயா, நான் மரிப்பேன். மரம் மரிக்கக் கூடாது. அவளுக்கு மண்ணில் வேர் வேண்டும்" என்றார்.

செங்கோடன் மூன்று தரம் கேட்டார். துரை மூன்று தரமும் அதையே சொன்னார்.

முறைக்கு ஒத்துவருகிற வேர்க்கன்று சுற்றுவட்டாரத்தில் கிடையாது, எல்லாம் பெரியவளின் பிள்ளைகள். மாரப்பன் உப்பு வண்டியைப் பூட்டி, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் போய், அந்த ஊர்க்காரர்களிடம் கோத்திரம் விசாரிப்பதுபோல மரத்தின் பூர்வீகம் எல்லாம் விசாரித்து, இரண்டு வயது மாங்கன்று ஒன்றைச் சட்டியோடு கொண்டுவந்தான். ஆவணியில் நல்ல நாள் பார்த்து, துரை கன்றின் தண்டில் ஒரு விரல் நீளம் பட்டை சீவி, தன் கிளையிலும் அதே நீளம் சீவி, இரண்டு காயத்தையும் முகத்துக்கு முகம் வைத்தார். நல்லாயி நாரால் கட்டினாள். கிளை இன்னும் விரலில் இருக்கிறது, கன்று இன்னும் சட்டியில் இருக்கிறது, இடையில் இரண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டி முடிந்தபிறகு கிளையை விரல் பக்கம் அறுத்துவிட்டால் அது கன்றின் வேரில் பிழைத்துக்கொள்ளும். தொண்ணூறு நாள் ஆகும். தொண்ணூறு நாளும் துரை கையை அசைக்கக் கூடாது.

பந்தல் போட்டு, கயிற்றுக் கட்டில் போட்டு, கட்டிலோரம் சட்டியை வைத்தார்கள். துரை உட்கார்ந்தார். சாப்பிடவும் எழுதவும் ஒரு கை, சட்டிக்கு ஒரு கை என்று உட்கார்ந்தார். முதுகில் புண் வந்தது, நல்லாயி வேப்பிலை அரைத்துப் பூசினாள். தோள் இறுகிப்போயிற்று, மாரப்பன் எண்ணெய் தேய்த்துவிட்டான். முப்பத்தாறாம் நாள் சென்னைப்பட்டணத்திலிருந்து தபால் வந்தது. மழைக்காற்று துறைமுகத்தை அடைப்பதற்குள் புரட்டாசிக் கடைசியில் கப்பல் கிளம்புகிறது, அதில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் சீமான்கள் வேறு ஆளை அமர்த்துவார்கள். மேலும் தம்பி காலமாகிவிட்டபடியால், நேரில் வந்து பொறுப்பேற்காவிட்டால் லண்டன் தோட்டமும் கைமாறிவிடும்.

துரை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தம்பிக்காக அழுதார், ஆனால் கையை அசைக்காமல் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஐம்பத்துநான்கு நாட்கள் உள்ளன, வர இயலாது, என்று ஒரே வரி எழுதி அனுப்பினார்.

"உங்க அப்பா வெச்ச தோட்டமுங்களே" என்றாள் நல்லாயி.

"ஆம். அங்கே உள்ளவை எல்லாம் வேறு தோட்டங்களிலும் உள்ளன" என்றார் துரை.

அந்த மனுஷனை அன்றைக்குத்தான் நல்லாயிக்கு முழுசாகப் பிடித்தது. தன் வீட்டு மரத்துக்காகத் தன் வீட்டு ஆண்கள்கூட இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று அவள் மாரப்பனிடம் சொன்னாள், மாரப்பன் மறுக்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. எழுபத்திரண்டாம் நாள், உச்சிப் பொழுதில், காற்றே இல்லாமல் பெரியவள் சாய்ந்தாள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஊர் ஓடிப்போய் அவளைச் சுற்றி நின்று அழுதது. பந்தலில் தனியே உட்கார்ந்திருந்த துரைக்கு அந்த நிமிஷமே குளிர் கண்டு, பொழுது சாய்வதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் விரலை ஒட்டிய இலைகள் பொரிந்து பழுப்பாகியிருந்தன. அதற்கு அடுத்த நாள் பழுப்பு கட்டுவரை ஏறியிருந்தது. இனி உலகத்தில் பெரியவள் என்று இருப்பது இந்த ஒரு முழக் கிளைதான், அதையும் துரையின் ரத்தமே வேகவைத்துக்கொண்டிருந்தது.

நல்லாயி கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "தொண்ணூறுக்குக் காத்திருந்தா வெறகுதான் மிஞ்சுமுங்க. இப்பவே அறுக்கோணும்."

"அறு" என்றார் துரை.

அப்போதுதான் செங்கோடன் குறுக்கே கையை நீட்டினார். இத்தனை மாதமாக யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. இவள் துரைக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இருக்கிறபோதே அவளை அறுத்து இன்னொருவனோடு வைத்தால் அது கள்ளத்தனம், அந்த வாழ்க்கை விளங்காது. அந்த ஊரில் ஒருத்தி மறுபடி வாழ்க்கைப்படத் தடையில்லை, ஆனால் முதல் புருஷன் ஊர் நடுவே ஒரு துரும்பைக் கையிலெடுத்து, இவளை விட்டேன் என்று மூன்று தரம் சொல்லி, அதைக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளியபிறகு அவள் மறு புருஷன் வீட்டில் ஒரு பிள்ளை பெறும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கிள்ளினது செல்லாது.

ஊர் முழுக்கப் பந்தலைச் சுற்றி நின்றது. செங்கோடன் வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்துத் துரையின் வலது கையில் கொடுத்தார். கத்திக்கு அசராதவர், கப்பலுக்கு அசராதவர், துரும்பை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார், கிள்ளவில்லை.

"சொல்லுங்க மாப்பிள்ளைங்க" என்றார் செங்கோடன்.

"மூன்று சீமான்கள் இனி வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். தம்பி இல்லை. தோட்டம் இல்லை" என்றார் துரை மெதுவாக. "காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது இவளைத்தான். தண்ணீர் குடித்தால் இவள் குடிக்கிறாளா என்று பார்ப்பேன். இவளையும் விட்டால் எனக்கு யார்?"

நல்லாயி கட்டிலோரம் குந்தினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கெட்டியாகத்தான் வந்தது.

"மாப்பிள்ளைங்களே, இவ இருக்கோணும்னுதான பதினாலு தரம் சீவுனீங்க. உங்ககிட்ட இருக்கோணும்னா சீவுனீங்க?"

துரை அவளைப் பார்த்தார். பிறகு கிளையைப் பார்த்தார், ஒவ்வொரு இலையாக, எண்ணுகிற மாதிரிப் பார்த்தார், நுனியில் இருந்த ஒரு தளிரைச் சுண்டுவிரலால் தொட்டார். விட்டேன் என்றார். விட்டேன் என்றார். மூன்றாவது தரம் சத்தம் வரவில்லை, செங்கோடன் காத்திருந்தார், ஊர் காத்திருந்தது, பந்தலில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. விட்டேன் என்றார் துரை, துரும்பைக் கிள்ளிப் போட்டார்.

கத்தியை வேறு யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. கட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே கத்தியை வைத்து, சாய்வாக, ஒரே இழுப்பில் அறுத்தார். அந்தக் கணமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லாயியும் மாரப்பனும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போனார்கள், அது அவர் காதில் விழுந்தது. பெரியவள் சாய்ந்த குழியிலேயே அதை நட்டார்கள்.

காய்ச்சல் ஒன்பது நாளில் இறங்கியது. விரலில் மிஞ்சின குச்சி காய்ந்து தை மாதத்தில் தானாக உதிர்ந்தது. துரை எங்கும் போகவில்லை. மாப்பிள்ளை முறை போய்விட்டதால் அண்ணன்மார் அவரைக் கண்டால் எழுந்திருப்பதை நிறுத்தினார்கள், வேட்டியும் வரவில்லை, ஆனால் மோர் மட்டும் தினமும் வந்தது. நாற்றங்காலிலிருந்து கிணற்றுக்குப் போகிற தடம் அந்தக் குழியை ஒட்டித்தான் போகும். மறைப்புக்கு ஓலைத் தட்டி கட்டித் தருகிறோம் என்று ஊரார் சொன்னார்கள். தட்டி கட்டினால் அவளுக்கு வெயில் போதாது, நான் திரும்பாமல் இருப்பேன், என்று சொல்லிவிட்டார். தினம் நான்கு நடை, போக மலையைப் பார்த்தபடி, வர ஊரைப் பார்த்தபடி, வருஷக்கணக்காக நடந்தார். ஒருநாள் பின்னால் ஆடு கத்தியது, கிளை முறிகிற சத்தம் போல ஏதோ கேட்டது. துரை திரும்பவில்லை, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார், ஆட்டுக்காரன் வந்து, முறிஞ்சது வேலிங்க துரை என்று சொன்னபிறகுதான் காலை எடுத்துவைத்தார்.

நல்லாயியிடம் மட்டும் கேட்பார், அதுவும் மாதம் ஒரு தரம்.

"எப்படி இருக்கிறாள்?"

"இருக்காங்க" என்பாள். வேறு வீட்டில் வாழ்கிற பெண்ணைப் பற்றி முதல் புருஷனிடம் அதற்குமேல் பேசுவது அழகில்லை.

அது உண்மையா, தன் மனசு உடையக் கூடாதென்று சொல்கிறாளா என்று துரைக்குத் தெரியாது. இந்த ஒன்று அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. இருந்தாலும் மற்றக் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டினார், முறை விசாரித்துக் கட்டினார், இப்போது பத்துக்கு எட்டு பிடித்தது. நான்காம் வருஷம் மாலை வெயிலில் தடத்தின் குறுக்கே ஒரு நிழல் கிடந்ததைப் பார்த்தார். நேற்றுவரை இல்லாத இலை நிழல். அதை மிதிக்காமல் தாண்டி, நேராக நாட்டாமை வீட்டுக்குப் போய், நான் நிழலைப் பார்த்துவிட்டேன், கிள்ளினது செல்லாமல் போய்விட்டதா, என்று கேட்டார். செங்கோடன் மூன்று தரம் கேட்டுக்கொண்டு, நிழல் முகமில்லீங்க துரை, போய்த் தூங்குங்க, என்றார். அன்றைக்குத் துரை ஒரு படி மோர் குடித்தார்.

ஐந்தாம் வருஷம் வைகாசியில், கிணற்றடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மலையைப் பார்த்து நின்றிருந்தபோது, நல்லாயி பின்னால் வந்தாள். கூட ஊரும் வந்திருப்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

"துரைங்களே, ரெண்டு காய் புடிச்சுதுங்க. ஒண்ணு நேத்துப் பழுத்து உழுந்துச்சு. நாட்டாமையும் நானும் தின்னு பாத்தோம். தொண்டையில அதே சுருக்குங்க."

துரை மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய தோள்கள் மட்டும் ஏறி இறங்கின.

"இன்னொண்ணு மரத்துலயே இருக்குங்க. புள்ள பொறந்தாச்சு. இனிமே பாக்கலாம். திரும்புங்க."

ஐந்து வருஷம் திரும்பாமல் இருந்த கழுத்து உடனே திரும்பிவிடுமா. துரை முதலில் வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். பிறகு மெல்ல, காலை மாற்றி மாற்றி வைத்து, உடம்பு முழுவதையும் திருப்பினார்.

தடத்தோரம் பெரியவள் அவரைவிட ஒரு முழம் உயரமாக நின்றாள். துரை பழத்தைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மண்டியிட்டு, அடித்தண்டில் இரண்டு பட்டைகளும் சேர்ந்து தடித்திருந்த வடுவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது" என்றார்.